மருமகள் வாங்கும் வெள்ளைப் பூங்கொத்து

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தின்னு என் தங்கச்சி சொல்லுவா. இருந்துட்டுப் போகட்டும். வீட்டுக்காரர் போய் மூணு வருஷம் தாண்டிருச்சு. போன ரெண்டு பொறந்தநாளுக்கும் மருமக எனக்குப் பூங்கொத்து வாங்கித் தந்தா. ரெண்டுமே வெள்ளை. வெள்ளை லில்லி, வெள்ளை ரோஜா, சுத்தி வெள்ளைப் பேப்பர். மருந்துக்குக்கூட வேற கலர் கெடையாது.

முதல் கொத்துக்கு நான் ஒண்ணும் நெனைக்கலை. ரெண்டாவது, வெளிய சாப்பிடப் போன எடத்துல குடுத்தா. அதைத் தூக்கிக்கிட்டு எங்க தோ பாயோ அடுக்குமாடி புளோக் லிஃப்ட்ல ஏறினா, மேல் வீட்டுச் சீன அம்மா பூவைப் பார்த்துட்டு மெதுவா, “ஆன்டி, ஹூ பாஸ்ட் அவே?”ன்னு கேட்டாங்க. வெள்ளைப் பூன்னா அவங்களுக்குச் சாவு வீட்டுப் பூ. “மை பர்த்டே லா”ன்னேன். அப்புறம் அவங்க என் பக்கம் திரும்பவேயில்லை, மாடி நம்பரையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

அன்னைக்குத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. திருச்சியில இருக்கிற மருமகளோட அம்மாவுக்குப் பொறந்தநாள்னா செவப்பு ரோஜா போகும், நடுவுல ஆரஞ்சுப் பூ வேற. ஃபோன்ல எங்கிட்டயே காட்டியிருக்கா. அந்தம்மா நெத்தி நிறைய குங்குமம் வைக்கிறவங்க. அதனால செவப்பு. எனக்கு வெள்ளை. கலருக்கு என்ன அர்த்தம்னு ஃபோன்ல தேடினேன். வெள்ளைன்னா தூய்மை, மரியாதைன்னு போட்டிருந்தான். நல்லா இருக்கு மரியாதை. ‘உன் காலம் முடிஞ்சுது, ஒதுங்கி உக்காரு’ன்னு இவ சொல்லாம சொல்றான்னு எனக்குத் தோணிப்போச்சு. தங்கச்சிகிட்ட சொன்னேன். கோயில்ல கூட உக்கார்றவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். கேக்குறவங்க உச்சுக் கொட்டக் கொட்ட எனக்குக் கோபம் ஏறிச்சு.

இந்த வருஷம் கையும் களவுமாப் பிடிச்சிரணும்னு இருந்தேன். பொறந்தநாளுக்கு முந்தின நாள், “தேக்கா மார்க்கெட் வரைக்கும் போறேன் அத்தை, ஏதாவது வேணுமா?”ன்னா. ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன். பழைய கொத்துல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல கடை விலாசம் பார்த்து வச்சிருந்தேன், தேக்காவுக்குக் கிட்டத்துல ஜாலான் புசார் பக்கம். எதிர்ல ஒரு ஹார்டுவேர் கடை. பூட்டு வாங்கப் போறவ மாதிரி அங்க நின்னு நோட்டம் விட்டேன்.

பூக்கடைக்குள்ள மருமக செவப்பு ரோஜாவைத்தான் முதல்ல எடுத்தா. கொஞ்ச நேரம் கையிலேயே வச்சிருந்தா. அப்புறம் திரும்ப வாளியில வச்சிட்டு வெள்ளையைக் கை காட்டினா. ரோட்டைத் தாண்டினேன். நேரா உள்ள போயிட்டேன்.

“உங்கம்மாவுக்குச் செவப்பு, எனக்கு வெள்ளையா? தாலி போனவளுக்கு இது போதும்னு முடிவே பண்ணிட்டியா?”

கடைக்காரப் பொண்ணு பேப்பர் வெட்டுறதை நிறுத்திட்டா. மருமக முகம் செத்துப்போச்சு. எதுத்துப் பேசுவான்னு பார்த்தேன். தணிஞ்ச குரல்லதான் சொன்னா.

“மாமா போன ரெண்டாவது மாசம் உங்க பொறந்தநாள் வந்துச்சு அத்தை. அப்ப செவப்பு ரோஜாதான் வாங்கிட்டு வந்தேன். மறுநாள் வேலை விட்டு வந்து பார்த்தா, சமையல்கட்டுச் சுவத்துல குப்பையைக் கீழ தள்ளுற குழாய் வாயில பாதி சிக்கிக்கிட்டு இருந்துச்சு. செவப்பு உங்களுக்கு வேதனையா இருக்கும்போலன்னு அப்புறம் வாங்கலை.”

அந்தப் பொறந்தநாளு எனக்குச் சுத்தமா ஞாபகத்துல இல்லை. அவ சொல்லச் சொல்லத்தான் ஒண்ணொண்ணா வந்துச்சு. எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் தனியா நின்னு, பொட்டு வைக்க முடியாதவளுக்கு எதுக்கு இந்தக் கலருன்னு திட்டிக்கிட்டே அதை நான் திணிச்சேன். முள்ளு குத்தி விரல்ல ரத்தம் வந்துச்சு.

“என் பிள்ளைக்கு இது தெரியுமா?”ன்னு கேட்டேன்.

“தெரியாது அத்தை. அவர் பார்த்தா மனசு கஷ்டப்படுவார்னு நான்தான் உள்ள தள்ளிவிட்டேன்.”

ஒரு வருஷமா இவளைப் பத்தி ஊர் முழுக்க நான் பேசாத பேச்சில்லை. என்னைப் பத்தின இந்த ஒரு விஷயத்தை அவ கட்டின புருஷன்கிட்டகூடச் சொல்லலை.