சித்தேரியில் மூன்றாவது கேள்வி

காலை 6.40. அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பேருந்து டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். பக்கத்து இருக்கையில் என் பை மட்டும் வந்தது. இரண்டு வருடமாக அப்படித்தான். சண்டை போட்டுக்கொண்டு ஓசூரில் அக்கா வீட்டுக்குப் போன மனைவியிடம், திரும்பி வருகிறாயா என்று நான் இதுவரை கேட்கவில்லை. வருகிறேன் என்றால் அவளுக்குப் பிடிக்காத சென்னை வீட்டைக் காலி செய்வேன். வரமாட்டேன் என்றாலும் காலி செய்வேன், ஒற்றை ஆளுக்கு மூன்று அறை எதற்கு? ஆனாலும் அங்கேயேதான் கிடக்கிறேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் ஆராய்ச்சியே இதைப் பற்றித்தான். மழை வந்தாலும் விதைப்பேன், வராவிட்டாலும் விதைப்பேன் என்பவர், எதுவும் தெரியாதபோதும் விதைக்க வேண்டும். சாதாரணக் கணக்கு அப்படித்தான் சொல்லும். மனிதர்கள் அப்படி நடப்பதில்லை, தெரியும்வரை தயங்கி நிற்கிறார்கள். அதனால் அணுவுக்குள் நடப்பதை விளக்கும் குவாண்டம் நிகழ்தகவை இரவல் வாங்குகிறோம். தெரியாத நிலையில் இரண்டு சாத்தியங்களும் மனதில் ஒன்றாக இருந்து, குளத்தில் மோதும் அலைகளைப்போல ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. மூளைக்குள் அணு விளையாடுகிறது என்று அர்த்தமில்லை, கணக்கு மட்டும்தான் இரவல்.

8.30. உழுது போட்ட காட்டோரம் சின்னப்பொண்ணு என்ற விவசாயி நின்றிருந்தார். கேள்விப் படிவத்தைப் பிரித்தேன்.

“மழை நல்லா வரும்னு தெரிஞ்சா?”

“சாமை விதைப்பேனுங்க.”

“குறையும்னு தெரிஞ்சா?”

“சாமை தாங்குமுங்க. விதைப்பேன்.”

“தெரியலைன்னா?”

“அதுக்கு சாமிகிட்டப் பூக் கேக்கணுங்க.”

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுப்பார்களாம். வெள்ளை வந்தால் உத்தரவு.

“சிவப்பு வந்தா?”

“ஒரு பூசை போட்டுட்டு விதைப்போமுங்க.”

“எது வந்தாலும் விதைக்கத்தான் போறீங்க. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?”

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “கேக்காம எப்பிடிங்க கை ஓடும்? உங்களுக்கு ஓடுதுங்களா?”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பயமாக இருந்தது எனக்கு.

மதியம் 1.30. இறங்கும் பேருந்து ஒரு வளைவில் திரும்பியபோது செல்போனில் சிக்னல் வந்தது. மனைவியை அழைத்தேன். நலம் விசாரிக்காமல் நேராகக் கேட்டேன்.

“வர்றியா?”



“போன வருசம் கேட்டிருந்தா வந்திருப்பேங்க. இப்ப வரல.”

மீதி மலை முழுக்க அழுதேன். யாரும் பார்க்கவில்லை. அரூரில் இறங்கியதும் சென்னை வீட்டுக்காரரை அழைத்து, அடுத்த மாதம் காலி செய்கிறேன் என்றேன். சித்தேரியில் சிவப்பு வந்தவர்களுக்குப் பூசை போடவாவது ஒரு சாமி இருக்கிறது.