ஒரு கட்டளைக்குப் பெயர் மாற்றினோம்

போர் நடந்துகொண்டிருந்த வருடங்களில் கண்டிக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தேன். மூன்றாம் வருடத்தில் ஒரு பிளொப்பியில் சின்ன இயங்குதளம் ஒன்றைத் தந்தார்கள். மாணவர்கள் பிரித்துப் பார்ப்பதற்காகவே எழுதப்பட்டது அது. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அதற்குப் புதிய வசதிகள் சேர்க்க வேண்டும்.

எனக்கு ஜோடியாக வந்தவள் யாழ்ப்பாணத்துப் பெண். பிலிமத்தலாவையில் சித்தி வீட்டில் தங்கி பஸ்ஸில் வருவாள். நான் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் இருந்தேன். முதல் நாள் என்னை "நீர்" என்றதும் ஏதோ கோபம் என்று நினைத்தேன். அவர்கள் சிநேகிதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று புரிய ஒரு வாரம் ஆனது.

நான் முதலில் தட்டச்சு செய்துவிட்டு, கணினி உறைந்த பிறகு யோசிப்பவள். அவள் எல்லாவற்றையும் அச்செடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், சிவப்புப் பேனையோடு வரி வரியாக வாசிப்பாள். இரண்டு புரோகிராம்களை மாறி மாறி ஓடவைக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒன்று ஏ என்ற எழுத்தையும் மற்றது பீ என்ற எழுத்தையும் காட்ட வேண்டும். வெறும் ஏ ஏ ஏ என்று ஓடிக்கொண்டிருந்த திரையில் ஒரு மத்தியானம் பீ தலைகாட்டியது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தன.

அடுத்த வசதி, ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடக்கவும் நிறுத்தவும் வழி செய்வது. தொடக்கப்பட்டதைப் பிள்ளை என்பது கணினிக்காரர் வழக்கம். நிறுத்தும் கட்டளைக்கு 'கில்', அதாவது கொல், என்று பெயர். அந்தப் பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவள் வரவில்லை. சித்தி விடுதிக்குத் தொலைபேசி எடுத்தார். பஸ்ஸை மறித்துச் சோதித்த பொலிசார் அவளை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்களாம். நான் எங்கள் விரிவுரையாளரிடம் ஓடினேன். சிங்களவர், அதிகம் பேசாதவர். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு உடனே எழுந்தார்.

பொலிஸ் நிலையத்தில் அவள் ஒரு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் எங்கள் தாள்கள். 'பிள்ளையைக் கொல்' என்று ஆங்கிலத்தில் இருந்த வரிகளைச் சுற்றி அவளுடைய சிவப்பு வட்டங்கள். விரிவுரையாளர் விளக்கியும், அதைக் கொலைத் திட்டம் என்று நினைத்த சார்ஜன்ட் அசையவில்லை. நான் ஒரு தாளைத் திருப்பி, இரண்டு பெட்டிகள் வரைந்து, எனக்குத் தெரிந்த தோட்டத்துச் சிங்களத்தில் சொன்னேன். "இது ஒரு வேலை. இது அது தொடங்கிய சின்ன வேலை. போதும் என்றால் நிறுத்துகிறோம். அவ்வளவுதான்."

சார்ஜன்ட் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "நிறுத்துவதென்றால் நிறுத்து என்று எழுதலாமே. ஏன் இப்படி ஒரு பெயர்?" என்றார்.

பின்னேரம் அவளை விட்டார்கள்.

கம்பஸ் வாசலில் விரிவுரையாளரின் காரிலிருந்து இறங்கியதும், "பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"ஓம். ஆனா அந்தாள் கேட்டது சரிதானே. நான் பேரை மாத்தப் போறன்."

"மாத்துனா சேரோட டெஸ்ட் புரோகிராம் ஓடாதே. மார்க் போயிரும்டி."

"போகட்டும். உமக்கு விருப்பமில்லையெண்டா சொல்லும்."

எனக்கு மார்க் வேண்டும்தான். ஆனாலும் நானே உட்கார்ந்து தட்டினேன். 'கில்' இருந்த இடமெல்லாம் 'நிறுத்து' என்று ஆங்கில எழுத்தில் போட்டோம்.

பரீட்சித்த அன்று விரிவுரையாளரின் புரோகிராம் 'கில்' கட்டளையைத் தேடிக் காணாமல் நின்றுபோனது. அவர் எங்கள் வரிகளை மேலும் கீழுமாகப் படித்தார். பிறகு அந்தத் தமிழ்ச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். அவள் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு முறை தப்பாகச் சொல்லிப் பார்த்து, தன் புரோகிராமில் அந்த ஒரு சொல்லை மாற்றி மறுபடி ஓட்டினார். ஓடியது. விளக்கக் குறிப்பு எழுதாததற்கு மட்டும் மூன்று மார்க் குறைத்தார்.

பொலிஸ் பிடித்த அந்த நாளுக்குப் பின் அவளைத் தனியாக பஸ்ஸில் விட எனக்கு மனமில்லை. கல்வித் தவணை முடியும்வரை விடுதியில் என் அறையிலேயே இருந்தாள். நான் குறட்டை விடுகிறேன் என்று கண்டுபிடித்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.