ஏரிக்கரை மணலும் என் டிரைவிங் லைசென்ஸும்

ஐந்தாவது டெஸ்டில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. கிடைத்து எட்டு மாதம் ஆகியும் அது என் கைப்பையில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. இந்த அரபு நாட்டு நகரத்தில், அல் குசைஸில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ. என் கணவரின் ஆபீஸும் இன்னொரு மெட்ரோ ஸ்டேஷனுக்கு நேர் எதிரே. ஆனாலும் ஐயா காரில்தான் போவார். அங்கே பார்க்கிங் கிடைக்காமல் இருபது நிமிஷம் சுற்றிவிட்டு, எனக்குப் போன் போட்டு ஊரையே திட்டுவார். சாவியை மட்டும் தரமாட்டார். கேட்டால், "இன்னும் கொஞ்சம் பழகு, அப்புறம் பாக்கலாம்" என்பார். வண்டியைத் தொடாமல் எப்படிப் பழகுவது என்று கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கொடுத்திருந்தார்கள். மகள் பிறந்ததிலிருந்து பத்து வருஷமாக வீட்டில் இருக்கிறேன். பள்ளி நகரத்தின் மறுகோடியில். மெட்ரோ கிடையாது, டீச்சர்களுக்கு பஸ்ஸும் கிடையாது. வண்டி இருந்தால்தான் வேலை. திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். அதற்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறு அல் குத்ரா ஏரிக்குப் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே சொல்லிவிட்டேன். "போகும்போது நீங்க ஓட்டுங்க. வரும்போது நான். ஒழுங்கா ஓட்டினேன்னா சாவி எனக்கு."

"பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் இந்தப் 'பாக்கலாம்' ஓர் அழகான கல்லறை. அதற்குள் போனது எதுவும் வெளியே வந்ததில்லை. நல்லவேளை, மகள் இருந்தாள். "அப்பா, இஸ் தட் எ ப்ராமிஸ்?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். மனுஷர் மாட்டிக்கொண்டு, "ஆமாம்மா" என்றார்.

விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தயிர்சாதம் பிசைந்து, முட்டை அவித்து, மோர் ஒரு பெரிய பாட்டில், டீ ஒரு பிளாஸ்க், உட்கார ஜமக்காளம் என்று எடுத்து வைத்தேன். மூன்று பேருக்குத்தான். தமிழர்கள் ஏரி பார்க்கப் போனால் ஏரிக்கும் சேர்த்துச் சமைப்பது வழக்கம்.

ஏரி அழகாகத்தான் இருந்தது. பாலைவனத்துக்கு நடுவில் மனிதர்கள் வெட்டி நிரப்பிய தண்ணீர். அதில் வாத்துகளும் வெள்ளை அன்னங்களும் சொந்த வீடு போல நீந்திக்கொண்டிருந்தன. ஜனவரி மாதம், குளிர்ந்த காற்று, காஃப் என்கிற பாலைவன மரத்து நிழல். எனக்கு அங்கேயே ஜமக்காளத்தை விரித்துவிட ஆசை. ஆனால் சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் கோழியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகை எங்கள் பக்கம் வந்தது. இவருக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பக்கமாப் போனா ஆளே இருக்காது. பாரு, டயர் தடம் போகுது" என்று வண்டியை மணலுக்குள் திருப்பினார்.

"ஏங்க, அது பெரிய ஜீப்பு போன தடம். நம்ம வண்டி தாங்காது."

"நான் கொள்ளிடத்து மணல்ல டிராக்டர் ஓட்டினவன்டி. எனக்கே மணலைப் பத்திச் சொல்றியா?"

ஐம்பது மீட்டர் போயிருப்போம். முன்சக்கரம் உறுமியது. வண்டி நின்றது. இவர் ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த, வண்டி போகவேண்டிய திசையில் போகாமல் கீழே போனது. இறங்கிப் பார்த்தால் டயர் பாதியைக் காணவில்லை.

"அம்மா, வீ ஆர் ஸ்டக்" என்றாள் மகள். குரலில் அத்தனை சந்தோஷம். ஏரியைவிட இது அவளுக்குப் பிடித்துவிட்டது.

இவர் இடுப்பில் கைவைத்து யோசித்தார். பிறகு டிக்கியைத் திறந்து குடிதண்ணீர் கேனை எடுத்தார். "ஆத்து மணல்ல தண்ணி ஊத்தினா கெட்டியாயிடும். டயர் பிடிச்சுக்கும்" என்று சொல்லி டயருக்கு அடியில் மொத்தக் கேனையும் கவிழ்த்தார். பாலைவன மணலுக்குக் கொள்ளிடத்து மரியாதை தெரியுமா? ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கேனையே பார்த்தது. இவர் கண் மெதுவாக மோர் பாட்டில் பக்கம் போனது.

"மோர்ல கை வச்சீங்க, நடக்கிறதே வேற!" என்றேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் உச்சம். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, இந்த ஊர்ல வண்டி ஓட்டுறது எவ்வளவு கஷ்டம்னு? இதுக்குத்தான் உங்கிட்ட சாவி குடுக்கிறதில்ல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! வண்டியைப் புதைத்தது அவர், தண்டனை எனக்கா? வாயைத் திறந்தால் மகள் முன்னால் என்ன வருமோ என்று பயந்து ஒரு முட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். மனதுக்குள் மட்டும், போச்சு, இனி ஜென்மத்துக்கும் இந்தக் கதையைச் சொல்லியே சாவியைப் பூட்டி வைப்பார் என்று ஓடியது. அழுகையும் வந்தது. முட்டையோடு சேர்த்து விழுங்கினேன்.

அந்த நேரத்தில்தான் ஒட்டகத் தீவனம் ஏற்றிய ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பாகிஸ்தான்காரர். டயரைப் பார்த்தார். ஈரமாக இருந்த மணலைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

"மாஃபி முஷ்கில், பாய்", ஒன்றும் பிரச்சினை இல்லை என்று சொல்லி உட்கார்ந்து நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். கையாலேயே மணலை வாரி எடுத்தார். என் ஜமக்காளத்தை வாங்கிச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தார். இழுப்பதற்குக் கயிறு இல்லை, தள்ளத்தான் வேண்டும், இரண்டு ஆம்பிளைகளும் பின்னால் வேண்டும் என்றார். அப்படியானால் ஸ்டியரிங்கில் யார்?

என்னைப் பார்த்து, அண்ணி என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "பாபி, லைசென்ஸ் ஹை?"

எட்டு மாதத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர்தான். கைப்பைக்குள் கையை விட்டு எடுத்து, போலீஸ்காரரிடம் காட்டுகிற மாதிரி நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பாய், தக்கா மாரோ" என்று அவரைத் தள்ளுவதற்குப் பின்னால் அனுப்பிவிட்டார்.

மெதுவாக அழுத்தச் சொன்னார், நகர்ந்துவிட்டால் ரோடு வரும்வரை நிறுத்தவே கூடாது என்றார். நான் சாமியைக் கும்பிட்டுவிட்டு மெதுவாக அழுத்தினேன். வண்டி முனகியது. ஜமக்காளத்தைப் பிடித்தது. நகர்ந்தது!

"ருக்னா நஹீ!" என்று பின்னாலிருந்து அவர் கத்தினார். எங்கே நிறுத்த? ஸ்டியரிங் கையில் குதிக்கக் குதிக்க ஓட்டினேன்.

"அம்மா, அப்பா இஸ் ரன்னிங்!" என்றாள் பின்சீட்டிலிருந்த மகள். கண்ணாடியில் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை மணல், ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் ஜமக்காளம், ஓடி வந்துகொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தார்ரோட்டில் ஏறும்வரை நிறுத்தவில்லை.

பாகிஸ்தான்காரருக்குப் புளியோதரை டப்பாவை முழுசாகக் கொடுத்தேன். டயரில் காற்றில்லாததால் பெட்ரோல் பம்ப்வரை மெதுவாகப் போகவேண்டியிருந்தது. இவர் மணலோடு பின்சீட்டில் ஏறினார். நான் ஓட்டினேன். பம்பில் காற்றடித்து முடித்ததும், எதுவும் நடக்காததுபோல என் ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"போதும். ஹைவே வருது. சாவியைக் குடு."

நான் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. "வரும்போது நான்தான்னு சொன்னீங்க. நாளைக்குக் காலையில நான் அந்த ஸ்கூலுக்குப் பதில் சொல்லணும். நீங்க ஏறுங்க."

அப்படியே நின்றார். பின்னால் ஒரு லேண்ட்குரூசர் ஹார்ன் அடித்தது. சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஹைவேயில் ஏறியதும் அவர் வலது கால் பிரேக் போடத் தொடங்கியது. அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. ஒரு பெரிய டிரெய்லர் எங்களை ஒட்டிக் கடந்தபோது இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகள் தூங்கிவிட்டாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் ஏழாவது டெஸ்ட்லதான் பாஸ் பண்ணேன். உங்கிட்ட ரெண்டாவதுன்னு சொன்னேன். இத்தனை வருஷம் ஆச்சு, இப்பவும் டிரெய்லர் பக்கத்துல வந்தா எனக்குக் கை நடுங்கும். நீ ஓட்டும்போது அந்த டிரெய்லர் வந்தா என்னாகும்னுதான்... உனக்கு நடுங்கலையா?"

இத்தனை நாளும் திமிர் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

"நடுங்குதுங்க" என்றேன். "நடுங்கிக்கிட்டேதான் ஓட்டுறேன்."

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொன்னேன். உள்ளே அவர் ஒவ்வொரு டிராயராக இழுத்து மெட்ரோ கார்டைத் தேடிக்கொண்டிருந்தார்.