கேன் தண்ணீரும் என் வயிற்றெரிச்சலும்

சுத்தமான தண்ணீரில் மின்சாரம் ஓடாது, சில துளி அமிலம் விட வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்த நானேதான், மின்னாற்பகுப்பைச் செய்துகாட்ட, ஆர்.ஓ. தண்ணீர் கேனை பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

காரணம் பக்கத்து வகுப்பு மேடம். சந்திரகிரிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் தமிழ் மீடியம் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பது காலங்காலமாக நான்தான். இந்த வருஷம் ஹெச்.எம். இருவரின் செய்முறையையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அறிவித்துவிட்டார்.

முதலில் மேடம் செய்தார். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் மக்கில் எங்கள் போர் தண்ணீர். பாத்திரமெல்லாம் வெள்ளை பூக்க வைக்கும் அதே உப்புத் தண்ணீர். இரண்டு கார்பன் குச்சி, அவற்றின் மேல் கவிழ்த்த இரண்டு சோதனைக்குழாய், ஒரு பேட்டரி. குமிழிகள் சரம்சரமாக ஏறின. ஒரு குழாயில் ஆக்சிஜன், இன்னொன்றில் அதைப்போல இரண்டு பங்கு ஹைட்ரஜன். தீக்குச்சியைக் காட்டினார், 'டப்'பென்றது. கைதட்டல் சுவரைத் தாண்டி வந்தது. என் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள், துரோகிகள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த அமிலத்திலிருந்து நாலு சொட்டு எடுத்து மறுநாள் கேன் தண்ணீரில் விட்டிருந்தால் என் சோதனை பிரமாதமாக நடந்திருக்கும்.

உப்புத் தண்ணீருக்கே இவ்வளவு குமிழி என்றால், காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீருக்கு எவ்வளவு வரும்! பொறாமை பிடித்தவனின் கணக்கு அப்படித்தான் போகும்.

மறுநாள், வருஷக்கணக்காகச் சொல்லும் அதே பாடத்தைப் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அதை மறைத்துக்கொண்டு முன்னால் நின்று, கேன் தண்ணீரை ஊற்றி, பேட்டரியைச் சேர்த்தேன்.

ஒன்றுமில்லை.

"சார், தண்ணி தூங்கினு கீது" என்றாள் முதல் பெஞ்சுப் பெண்.

"மேடம் பண்ணச்சொல்ல சும்மா பொங்கிக்கினு வந்துச்சு சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பேட்டரியைத் தட்டினேன். ஒயரைப் பல்லால் கடித்துச் சீவினேன். கடைசியில், வெட்கத்தை விட்டு, மேடத்தின் பேட்டரியையே வாங்கிவரச் செய்து மாட்டினேன். அதுவும் என்னைக் கைவிட்டது.

பார்க்க வந்து பின்னால் உட்கார்ந்திருந்த ஹெச்.எம். எழுந்து, கரன்ட் இல்லையா என்று தன் தெலுங்கில் கேட்டார். "ஏமி சார், கரன்ட் லேதா? சரி, டென்த் மேடமே எடுக்கட்டும்."

பிள்ளைகள் கலைந்ததும் மேடம் தன் பேட்டரியை எடுத்துப்போக வந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லுங்க மேடம். அந்தத் தண்ணியில யாருக்கும் தெரியாம என்ன கலந்தீங்க?"

அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"போர்டப் படிங்க சார்."