நடு அறையில் பிறந்தவர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. வேலூர் கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு பழைய சந்தில் எங்கள் வாடகை வீடு. நானும் என் கணவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம்.

அந்த வருட ஆடியில் என் குழந்தை ஆறாவது மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. வலி கண்டது வீட்டின் நடு அறையில். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அந்த அறைக் கதவை நான் திறக்கவே இல்லை. "வீடு ராசியில்ல, காலி பண்ணிடுங்க" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை, என் கணவர் உட்பட. காட்பாடியில் வேறு வீடு பார்த்து, பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தோம்.

அப்போதுதான் ஒரு சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊரில் வாழ்ந்து மறைந்தவர்களின் வீட்டுச் சுவரில் பெயர் பொறித்த கல் பதிப்பது அவர்கள் வேலை. ராஜாக்களுக்குக் கோட்டை இருக்கிறது, நாங்கள் மற்றவர்களைத் தேடுகிறோம் என்றார் அதில் ஒருவரான கல்லூரி ஆசிரியை. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா ஒருவர் இருந்தாராம். சுற்றுவட்டாரப் பெண்கள் மாட்டுவண்டியில் வந்து, நடு அறையில் பிள்ளை பெற்றுக்கொண்டு போவார்களாம். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார், உங்களுக்கும் சம்மதமா என்று கேட்டார்கள். போகப்போகிறவளுக்கு என்ன என்று தலையாட்டிவிட்டேன்.

கல் பதிக்கும் அன்று பூந்தூறல். செய்தி கேட்டு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆசிரியை ரெண்டு வார்த்தை பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். முடிந்தது என்று உள்ளே திரும்பினேன். பின்னாலேயே பர்தா போட்ட ஒரு பெண் வந்தார், மேல்விஷாரத்துக்காரர்.

"உள்ள ஒரு தபா பாத்துட்டுப் போவட்டா? நான் இங்கதான் பொறந்தேன்னு என்னப் பெத்த அம்மி சொல்வாங்க."

எப்படி மறுப்பது? நடு அறைக் கதவைத் தள்ளினேன். மேலே இருந்த கண்ணாடி ஓட்டு வழியாக மழை வெளிச்சம் பால்போல இறங்கியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். பிறகு இன்னொருவர். ஈரக் குடையின் வாசனை, அத்தர், யாரோ தலையில் வைத்த கனகாம்பரம். நரைத்த தலையோடு வந்தவர்களெல்லாம் அந்த வெளிச்சத்தில் அப்போதுதான் பிறந்தவர்கள்போல அண்ணாந்து பார்த்தார்கள். நான் கதவோரம் நின்றேன். விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது.

எல்லோரும் போனபின் ஆலங்காயத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் மிச்சமிருந்தார். தோளில் துண்டு, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"நீங்களும் இங்கதான் பொறந்தீங்களாண்ணா?" என்றேன்.

"நான் இல்லம்மா, என் தம்பி. பொறந்ததும் இங்கதான், போனதும் இங்கதான். ஒரு நாள்கூட இல்ல."

உட்காரச் சொன்னேன். அவர் நின்றபடியே தொடர்ந்தார்.

"எங்க வீட்ல ஆளாளுக்கு அம்மாவத்தான் குத்தம் சொன்னாங்க. இந்த நர்ஸம்மாதான், 'நீ இன்னாம்மா பண்ணே? ஒண்ணும் பண்ணல'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். உடம்பு தேர்ற வரைக்கும் இங்கயே வச்சிக்கிட்டாங்க. அம்மா சாவுற வரைக்கும் அதையே சொல்லுவாங்க. அவங்களுக்குப் பதிலா ஒரு கும்பிடு போடலாம்னு வந்தேன்."

நான் உடைந்து அழுதேன். அவர் பதறிப்போய், "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்றார். என் குழந்தையைப் பற்றி முதல்முதலாக ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னேன். சத்தம் கேட்டு வந்த என் கணவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"பேரு இன்னா வச்சிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார் அந்த அண்ணன். சொன்னேன். கேட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, தூறலில் நடந்து போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நாங்கள் வீடு மாறவில்லை. மாமியாருக்கு இன்னும் வருத்தம்தான். குழந்தை இன்னும் பிறக்கவில்லை, பிறக்குமா, தெரியாது. ஆனால் இப்போது நாங்கள் தூங்குவது அந்த அறையில்தான். நான் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருத்தி, என்றோ ஒரு தாயிடம் சொன்ன ஒரு வார்த்தை, இத்தனை வருடம் கழித்து என்னையும் தேடி வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனசு லேசாகிறது.