துப்புகிறவன் கடைத் தேத்தண்ணி

காலையில் கடை திறந்ததும் முதல் தேத்தண்ணியை ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, வாளியில் துப்புவேன். சதுரங்கப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் இதை வேடிக்கை பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவர் முதல் நாளே கேட்டார்: "இன்னா சிலோன்காரரே, உன் டீய நீயே துப்பிக்கினா நாங்க எப்டி குடிக்கிறது?" தோட்டத்து ஃபாக்டரியில் தேயிலை ருசி பார்க்கிறவன் விழுங்கமாட்டான் என்று விளக்கினேன். அவர் பாலைக் கூட்டிச் சர்க்கரையை அள்ளிப் போடச் சொன்னார்.

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இன்னும் கப்பலுக்குக் காத்திருக்கும் சொந்தங்களே, அங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே இறங்கிய அன்றே நான் சிலோன்காரன். மனைவியை மலையில் புதைத்துவிட்டுக் கப்பலேறியவனுக்கு மிஞ்சிய சொத்து, பதினெட்டு வருடம் ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் பக்கத்தில் நின்று பழக்கிய நாக்கு. தலைமன்னாரில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிய சுங்க அதிகாரி வாயைத் திறக்கச் சொல்லவில்லை. கூடவே ஒரு தகர டப்பா. நானே ருசி பார்த்துப் பொறுக்கிய தேயிலை. தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். ஃபாக்டரிக்குள் சோப்புக் கட்டியைக்கூட விடமாட்டோம். அதனால் மூன்று வருடமாக டப்பாவைத் துணியில் சுற்றி, கடல் காற்றுப் படாத மூலையில் வைத்திருந்தேன்.

கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டி வந்தது. மதராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். முதல் தரமா, தூளா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாதம் ஒன்றாக ஆறு ஊசி என்றார். வெளியே வந்து, பொத்தான்களை மாற்றிப் போட்ட சட்டையோடு, செங்கல்பட்டு பஸ் என்று நினைத்து வேறெந்த ஊருக்கோ போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஊசிக்குக் குடல் வாய்வழியாக ஊர் பார்க்க வந்தது. வாளியின் மேல் நான் குனிந்து கிடக்க, "சிலோன்காரரு இன்னிக்கி பலமா டெஸ்ட்டு பண்றாரு" என்று பெஞ்சியில் சிரித்தார்கள். நானும் சரக்கு மட்டம் என்று கையாட்டினேன். இரண்டாவது ஊசிக்கு முடி கொட்டியது. திருப்பதி லட்டு எங்கே என்று கேட்டார்கள். எறும்பு தின்றுவிட்டது என்றேன். விரல் மரத்து கிளாஸ்கள் உடைந்தன. வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீர், குமட்டலுக்கு மடியில் எலுமிச்சம்பழம் என்று சமாளித்தேன். மூன்றாவது ஊசிக்கு நாக்கு செத்தது. பால், இஞ்சி, கஞ்சி எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணி. துப்புவதற்கும் ஒன்றுமில்லை. பழக்கத்துக்குத் துப்பினேன்.

மீன் கூடையோடு கல்பாக்கத்துக்கு நடக்கும் கன்னியம்மா ஒருத்திதான் ஏமாறவில்லை. "துப்புறது வேற, வாந்தி வேற. ஆறு பெத்தவளுக்குத் தெரியாதா? திருப்பதில புருவத்தக் கூடவா எடுக்குறான்?" என்றாள். அன்றிலிருந்து கூடையைச் சாலைக்கு அந்தப் பக்கம், மீன் வாடை என்மேல் வீசாத இடத்தில் இறக்கிவிட்டுத்தான் டீ குடிக்க வருவாள். ஊசி விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னேன்; அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது ஊசிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். நாக்கில்லாத உயிர் எதற்கு என்று வீரமாகச் சொல்லிக்கொண்டேன். உள்ளது என்னவென்றால், மதராஸ் பஸ்ஸின் ஹாரன் கேட்டாலே இப்போது வாந்தி வருகிறது. ஊசி நாளன்று கடையைத் திறந்து, அந்த டப்பாவையும் திறந்தேன். மூன்று வருடத் தேயிலை செத்த தேயிலை என்பது எனக்குத் தெரியாததல்ல. பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணியாக ஊற்றி, மலையிலிருந்து கொண்டுவந்து பொத்தி வைத்தது என்று சொல்லிக் கன்னியம்மாவிடம் நீட்டினேன்.

"இன்னிக்கி ஊசியாச்சே. கடைய தெறந்துகினு குந்திகினுகீற?"

போதும் என்று விட்டுவிட்டேன் என்றேன். அவள் ஒரு மிடறு குடித்தாள். முகம் சுளித்தாள். "கசக்குது. பால் ஊத்தியிருக்கலாம்."

வேறென்ன தெரிகிறது என்று கேட்டேன். பனியா, வெயிலா, எந்த மலைச்சரிவு, ஏதாவது ஒன்று அவள் வாயிலிருந்து வராதா என்று காத்திருந்தேன்.

"இன்னா தெரியணும்? டீ மாரி கீது."

சிரித்தேன். சிரிப்பு எங்கோ வழிமாறி அழுகையாகி, கடைசியில் வாளிக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி நாளு பொத்தி வெச்சத இன்னிக்கி ஏன் தெறந்த அண்ணாத்த? சாவப் போறவன் மாரி."

எதற்கும் ஒரு வேடிக்கைப் பதில் வைத்திருப்பவன் நான். அன்று வாளியைக் கழுவப் போனேன்.

மதராஸ் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கன்னியம்மா டப்பாவை எடுத்துச் சாலையைக் கடந்து, கூடைக்குள் மீன்மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "நாக்கு வந்தா வந்து வாங்கிக்க. வரலன்னா எம்மூட்டு டீக்கு ஆச்சு. ஏறு." பஸ்ஸை நிறுத்தி, என் கையில் வாளியைக் கொடுத்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெளிந்த மூடி சரியாகப் பொருந்தவில்லை. கல்பாக்கம் போய்ச் சேருவதற்குள் என் மலையில் சங்கரா மீனின் வாசம் ஏறிவிடும். கத்தியிருக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, அவள் தலைமேல் கூடை ஆடி ஆடித் தெற்கே போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் என்னை வடக்கே தூக்கிப்போனது.