ஆறு கட்டை ராஜதுரை

மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராஜதுரை அண்ணாச்சிக்கு ஆர்மோனியம் சொல்லிக்கொடுத்தவர் என்று ஒருவரும் கிடையாது. இளவட்டமாக இருந்தபோது இலங்கை வானொலியில் பாட்டைக் கேட்பார், கட்டைகளில் துழாவுவார், எப்படியோ பிடித்துவிடுவார். எந்தப் பாட்டானாலும் ஆறாவது கட்டையில்தான் தொடங்குவார். அதை விட்டால் அவர் விரலுக்கு வேறு இடம் தெரியாது. சுரம், கணக்கு என்று யாராவது பேச்செடுத்தால், "சித்திரமும் கைப்பழக்கம்வே. மீன்குஞ்சுக்கு எவன் நீச்சல் படிச்சுக் குடுத்தான்?" என்று வாயை அடைத்துவிடுவார். சரியான வீம்பு.

கல்யாணமான புதிதில் அவர் வாசிக்க, மனைவி பிரேமா பாட, கோயில் கொடைத் திருவிழாக்களில் இருவருக்கும் நல்ல பேர். அடடா, அதெல்லாம் ஒரு காலம்! ஆறுமுகநேரிக் கொடையில் பிரேமா உச்சத்தில் ஏறி நின்றால், கடலை வறுப்பவர்கூடக் கரண்டியை நிறுத்திவிடுவார். அந்தக் குரலை நினைத்தால் அண்ணாச்சிக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் பிரேமாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. ஆள் பிழைத்துக்கொண்டாள், குரல்தான் இறங்கிப்போனது. ஒரு தடவை பாடிப் பார்த்தாள், உச்சத்தில் உடைந்தது. "போதும், பெட்டிய மூடி வையுங்க" என்றவள், அடுக்களையில் முணுமுணுப்பதைக்கூட விட்டுவிட்டாள். பாட்டில்லாத வீட்டில் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் வீம்பை மூட்டை கட்டிவிட்டு, பாட்டு டீச்சர் சண்முகசுந்தரியின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"குரல் எங்கயும் போகல அண்ணாச்சி, கீழ எறங்கியிருக்கு. பாட்டையும் கூடவே எறக்குங்க. ஏணி அதேதான், சாத்துற எடந்தான் வேற" என்றார் டீச்சர்.

ஐந்தில் வளையாதது ஐம்பத்தெட்டில் வளைந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மதியம் கடையடைத்ததும் டீச்சர் வீட்டுக்கு ஓடி, எந்தச் சுரத்துக்கும் எந்தச் சுரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று படித்தார். இரண்டு கட்டை இறக்கி, நாலாம் கட்டையில் தொடங்குவார். அரை வரி தாண்டுவதற்குள், பழைய குருடி கதவைத் திறடி என்று விரல்கள் ஆறுக்கே ஓடிவிடும். கணக்கு புரிந்த பிறகுதான் அவை சொன்னபடி கேட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரேமா கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில், அண்ணாச்சி பெட்டியைத் திறந்து பழைய பாட்டு ஒன்றை நாலு கட்டையில் வாசித்தார். அவள் நிமிரவில்லை. மறுபடி வாசித்தார். பிரேமா மெல்ல ஆரம்பித்தாள். உச்சம் வந்தது, குரல் உடையவில்லை, அகலமாக, நிதானமாக நின்றது.

"ஏளா, அந்தக் காலத்துலகூட நீ இம்புட்டுத் தாராளமாப் பாடலியே?"

"அப்பவும் எனக்கு இந்த உசரந்தான் தோது. ஆறு கட்டையில பாடிட்டு வந்தா மறுநாள் எச்சி முழுங்க முடியாது."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"உங்க வெரலுக்கு வேற எடம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்லா. சொன்னா வாசிக்கதையே விட்டிருப்பீங்க."

கைதட்டு வாங்கிய அத்தனை மேடைகளிலும் அவளுக்குத் தொண்டை வலித்திருக்கிறது. கண்ணீரில் அண்ணாச்சிக்குக் கட்டைகள் தெரியவில்லை.

"அழுதது போதும். அடுத்த பாட்ட எடுங்க" என்றாள் பிரேமா.